யும்னா விளையாடின மூணு சாயங்காலம்

நெட் ஸ்லோவாச்சுன்னா உங்க வீட்ல முதல்ல யாரைத் திட்டுவீங்க? எங்க வீட்ல என்னைத்தான். மத்தியானம் சாப்பிட்டுட்டு படுத்துக்கிட்டே போன்ல சீரியல் பாப்பேன். அதுதான் எல்லா நெட்டையும் உறிஞ்சுதாம். "பாட்டி, நிப்பாட்டு பாட்டி!"ன்னு உள்ளேர்ந்து யும்னா கத்துவா. நானும் நிப்பாட்டிட்டு, அந்த மருமக பொட்டியைத் தூக்கிக்கிட்டு வாசல் தாண்டினாளா இல்லையான்னு தெரியாம கூரையைப் பாத்துக்கிட்டு கிடப்பேன். ஆனா அந்த வாரம் நடந்ததுக்கு என் சீரியல் காரணம் இல்ல. அதைச் சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது.

வீட்ல நாங்க மூணு பொம்பளைங்கதான். நான், என் மருமக கவ்ஸர், பேத்தி யும்னா. என் பையன் ஷுக்ரி போய்ச் சேர்ந்துட்டான், அல்லா அவன் கபுரை வெளிச்சமாக்கட்டும். பேரன் ரம்ஸி குவைத்துல ஒரு கம்பெனில கணக்கு எழுதுறான். அவன் அனுப்புறதுலதான் எங்க அடுப்பு எரியுது, அதை நான் மறைக்கல. இஸ்கந்தரியாவுல முஹர்ரம் பேங்கற பேட்டையில நாலாவது மாடி. லிப்ட் இருக்கு, ஆனா அது என்னை மாதிரி, நெனச்சா எழுந்திரிக்கும்.

யும்னா காமர்ஸ் படிச்சு முடிச்சுட்டு வீட்ல இருக்கா. வேலைக்குப் போகாத இடம் இல்ல, கேக்காத ஆள் இல்ல. ஒருத்தன் "தட்டச்சு தெரியுமா?"ங்கறான், தெரியும்னா "கல்யாணம் ஆனா நின்னுடுவியே?"ங்கறான். சும்மா இருக்கிற நேரத்துல கம்ப்யூட்டர்ல விளையாடுவா. சும்மான்னா சும்மா இல்ல. அஞ்சு பேர் இந்தப் பக்கம், அஞ்சு பேர் அந்தப் பக்கம், துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஒரு பாழடைஞ்ச ஊருக்குள்ள ஓடுறது. காதுல மாட்டிக்கிட்டு, வாய்கிட்ட மைக்கை வச்சுக்கிட்டு, "பின்னாடி வா, மாடியில ஒருத்தன் இருக்கான், விடாத!"ன்னு சத்தம் போடுவா. முதல்ல எனக்குப் பயமா இருந்துச்சு, அப்புறம் நானே பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவேன். குளவின்னு பேரு வச்சுக்கிட்டு விளையாடுவா. துனிஸ்ல ஒருத்தி, அம்மான்ல ஒருத்தி, எங்கெங்கேயோ இருக்கிற பொண்ணுங்க "குளவி வந்துட்டாளா?"ன்னு கேட்டுக்கிட்டு காத்துக்கிடக்கும்.

விளையாடக் கத்துக்கொடுத்ததே ரம்ஸிதான். அவனுக்கு மீசை அரும்பின வயசுல, இவ பல்லு விழுந்த வயசுல, ரெண்டும் ஒரே நாற்காலில நெருக்கியடிச்சு உக்காந்து விளையாடும். சோத்துக்குக் கூப்பிட்டா ரெண்டும் சேர்ந்து "இரு!"ன்னு கத்தும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். துபாய்ல பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் விளையாடுற டீம் ஒண்ணு புதுசா எடுக்குறாங்க. சம்பளம், தங்க இடம், விசா, எல்லாம் அவங்களே. யும்னா எழுதிப் போட்டா, கூப்பிட்டுட்டாங்க. மூணு சாயங்காலம் வீட்ல இருந்தே விளையாடிக் காட்டணும், அதைப் பாத்துட்டு எடுப்பாங்க. யும்னா அன்னிக்கு எப்படிச் சிரிச்சான்னு நான் எங்கே போய்ச் சொல்ல. மூணு வருஷமா அந்த மூஞ்சியில நான் பாக்காத சிரிப்பு. ஓடிப் போய் முதல்ல அண்ணனுக்குத்தான் வீடியோ போட்டா.

"மாஷா அல்லா! என் தங்கச்சி!"ன்னான் ரம்ஸி. "நடத்துடீ, நடத்து. நெட்டை மட்டும் நான் பாத்துக்கறேன்."

பக்ரீத் லீவுக்கு வந்தப்பதான் குவைத்துலேர்ந்து புது ரவுட்டர் ஒண்ணு கொண்டாந்து மாட்டிட்டுப் போயிருந்தான். நாலு கொம்பு வச்ச கறுப்புப் பெட்டி, பாக்க விட்டில் பூச்சி மல்லாந்து கிடக்கிற மாதிரி. அவன் போன்லேர்ந்தே, குவைத்துல உக்காந்துக்கிட்டே, எங்க வீட்ல யாரு நெட்ல இருக்காங்க, எவ்வளவு ஓடுது, எல்லாம் பாக்கலாமாம். கவ்ஸருக்கு அதுல ஒரே பெருமை. "என் பையன் கடல் தாண்டி இருந்தாலும் வீட்டைப் பாத்துக்கறான்"னு படிக்கட்டுல போறவ வர்றவகிட்டயெல்லாம் சொன்னா.

ஒரு விஷயம் சொல்லணும். எங்க டெலிபோன் லைன் இன்னும் ஷுக்ரி பேர்லதான் இருக்கு. செத்தவங்க பேர்லேர்ந்து மாத்தணும்னா எக்ஸ்சேஞ்சுக்கு அலையணும், வாரிசு பத்திரம், முத்திரை, அது இதுன்னு. யாரு அலையறது? இந்தக் கட்டடத்துல பாதி லைன் கபுர்ஸ்தான்ல இருக்கிறவங்க பேர்லதான் ஓடுது. அதனால கம்பெனிக்குப் போன் பண்ணினா, "லைனுக்கு உரியவர் பேசணும்"ங்கறாங்க. அவர் எங்கேர்ந்து பேசுவாரு? ரவுட்டரோட ரகசிய வார்த்தை, லைனோட ரகசிய வார்த்தை, எல்லாம் ரம்ஸிகிட்ட. "பின்னாடி ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அதுல ஊசி கீசி விட்டுறாதீங்க. எல்லாம் அழிஞ்சு லைன் செத்துரும், அப்பா வந்தாதான் திரும்ப உயிர் வரும்"னு சொல்லிட்டுப் போயிருந்தான். பையன் அப்பனை வச்சு ஜோக்கடிக்கறான்னு கவ்ஸர் அழுதுக்கிட்டே சிரிச்சா.

முதல் சாயங்காலம். அஸர் தொழுதுட்டு வந்து நாற்காலியைப் போட்டேன். யும்னா கையை சூடு பறக்கத் தேச்சுக்கிட்டு உக்காந்தா. ஆரம்பிச்சு கொஞ்ச நேரம்கூட ஆகல, இவ ஆளு அப்படியே சிலையா நின்னுட்டான். மத்தவங்க ஓடுறாங்க, இவன் மட்டும் கையை நீட்டிக்கிட்டு நிக்கறான். திரும்ப அசையும்போது பாத்தா செத்துக் கிடக்கறான். திரும்பத் திரும்ப இதே கதை.

"என்னடீ ஆச்சு?"

"பிங் ஏறுது பாட்டி! நான் இங்க தட்டுறது அங்க போய்ச் சேர்ந்து திரும்பி வர்றதுக்கு நேரம் ஆகுது. நான் சுட்டதே அவங்களுக்குத் தெரியல. அதுக்குள்ள என்னைச் சுட்டுட்டுப் போயிடறாங்க."

தோத்தா. அழல. உடனே அண்ணனுக்கு வீடியோ.

ரம்ஸி டாக்டர் மாதிரி விசாரிச்சான். "ரவுட்டர் எங்க இருக்கு? காட்டு." கவ்ஸர் போனைத் திருப்பிக் காட்டினா. கண்ணாடி பீரோக்குள்ள, அவ கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுக்கு நடுவுல, மேல கொக்கி ஊசில பின்னின வெள்ளைத் துணியைப் போத்திக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

"அம்மா, அது என்ன மணப்பொண்ணா? துணியை எடு! பீரோவை விட்டு வெளியில வை!"

"தூசி படியுமேடா."

"படியட்டும்மா! கண்ணாடி, பீங்கான், எல்லாம் அலையைத் தடுக்கும்."

எடுத்தோம். அப்புறம் கம்ப்யூட்டருக்கு நேரா வயர் இழுக்கச் சொன்னான், இழுத்தோம். மைக்ரோவேவைப் போடாதீங்கன்னான், நான் ஆறிப் போன டீயைக் குடிச்சேன். டெலிபோன் வயர்ல தொங்குற சின்ன வெள்ளை டப்பா கெட்டிருக்கும், மாத்துன்னான். யும்னா நாலு மாடி இறங்கி ஓடி, கடையில வாங்கிக்கிட்டு மூச்சு வாங்க வந்து மாட்டினா. என் சீரியலும் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் யும்னா சோதிச்சுப் பாப்பா. ராத்திரி வரைக்கும் இழுத்துக்கிட்டே இருந்துச்சு, விடிஞ்சதும் நல்லா ஓடுச்சு.

"பாரு, சாயங்காலம்தான் இழுக்குது"ன்னான் ரம்ஸி. மறுநாள் காலையில. முகத்துல ஒரு சுளிப்பு. "சாயங்காலம் யாரோ உறிஞ்சறாங்க. தவ்ஹீதா அத்தை வீட்டு வயர் இன்னும் இருக்கா?"

இருந்துச்சு. எதிர் வீடு தவ்ஹீதா. கட்டடத்துக்கு நடுவுல காத்துக்கு விட்டிருக்கிற சந்து வழியா, எங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து அவ சமையலறை ஜன்னலுக்கு நெட் வயர் ஒண்ணு போகும். அவ பையன் இத்தாலில மீன்பிடிக் கப்பல்ல இருக்கான், அவனோட பேசுறதுக்குக் கொடுத்தது. இந்த ஊர்ல அது ஒண்ணும் அதிசயம் இல்ல. ஒரு லைன், ரெண்டு மூணு வீடு. மாசக் கடைசில பாக்கேஜ் தீந்துபோகும், எல்லாரும் சேர்ந்து முனகுவோம், ஆனா யாரும் யார் வயரையும் அறுக்க மாட்டோம். அறுக்கிறதுன்னா அது நெட்டை அறுக்கிறது இல்லைங்க. அதுவும் தவ்ஹீதா வயரை! டெலிபோன் வேணும்னு எழுதிப் போட்டு வருஷக்கணக்கா காத்துக்கிடந்த காலத்துல, எங்க வீட்டுக்கு வர்ற போனெல்லாம் அவ வீட்டுக்குத்தான் வரும். செவுத்தைத் தட்டுவா, ஓடுவோம். ரம்ஸி பிறந்த சேதியை ஷுக்ரி அந்தப் போன்லதான் சொன்னான்.

"எனக்கு இங்கேர்ந்தே தெரியுது, அவங்க பக்கம் என்னென்னமோ ஓடுது. முடிவு உங்க கையில. யும்னாவோட வாழ்க்கை பெருசா, தவ்ஹீதா அத்தையோட வீடியோ பெருசா?"ன்னுட்டு ரம்ஸி வச்சுட்டான்.

"போய்க் கேப்போம்"னேன் நான். "ரெண்டு நாளைக்கு எடுத்து வச்சுக்க தாயீன்னு சொன்னா மாட்டேன்னா சொல்லப்போறா?"

கவ்ஸர் கேக்கல. அவளுக்குப் பையன் சொன்னா சொன்னதுதான். மீன் வெட்டுற கத்திரியை எடுத்துக்கிட்டுப் போய் ஜன்னல்ல எக்கி ஒரே வெட்டு.

கொஞ்ச நேரத்துல கதவு இடிபடுது. தவ்ஹீதா தலையில துணிகூட சரியாப் போடாம நிக்கறா.

"கவ்ஸர்! எலி கடிச்சுடுச்சா வயரை?"

"எலி இல்ல அக்கா. நான்தான்."

"நீயா? ஏன்டீ?"

"பிள்ளைக்குப் பரீட்சை மாதிரி ஒண்ணு நடக்குது. சாயங்காலம் உங்க வீட்ல உறிஞ்சறீங்களாம். ரம்ஸி அங்கேர்ந்து பாத்தானாம்."

"நான் உறிஞ்சறேனா? நான் என்ன நெட்ல குளிக்கிறேனா? பேரப்பிள்ளை பல்லைக் காட்டுறான், பாத்துட்டு வைக்கிறேன். குவைத்துலேர்ந்து என் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்குறானா உன் பையன்? வெக்கமா இல்ல?"

"என் பையனைப் பேசாதீங்க!"

"உன் பையன் பொறந்ததை இந்த வீட்டுக்குச் சொன்னவ நான்டீ!"

கீழ் வீட்டுக் கதவெல்லாம் திறந்து வேடிக்கை பாக்குது. தவ்ஹீதா என்னைப் பாத்தா. "ஷுக்ரி அம்மா, நீங்களுமா?" நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள திரும்பிப் போயி கதவை அறைஞ்சு சாத்திட்டா.

ரெண்டாவது சாயங்காலம். வயரை அறுத்தாச்சு, துணியை எடுத்தாச்சு, என் போனையே அணைச்சு மெத்தைக்குக் கீழ வச்சாச்சு. அதே கதைதான். சிலை மாதிரி நிக்கறான், சாகறான். அந்த டீமுக்குக் கோச்சாம், ஒரு பொண்ணு, லெபனான்காரி. முடிஞ்சதும் நல்லவிதமாத்தான் பேசினா. "குளவி, உன் கை நல்ல கை. ஆனா உன் லைன் செத்த லைன். நாளைக்கும் இப்படின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது கண்ணு." யும்னா "சரி"ன்னா. அந்த ஒரு சரியைச் சொல்ல அவ பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், பக்கத்துல உக்காந்திருந்தேன்.

மறுநாள் காலையில ரம்ஸிக்குப் போட்டா எடுக்கல. வேலையாம். மத்தியானம் நாங்க மூணு பேரும் கூடத்துல உக்காந்து முட்டைக்கோஸ் இலையில சோறு சுத்திக்கிட்டிருந்தோம். கையில வேலை இருந்தா மனசு கொஞ்சம் அடங்கும்னு நான்தான் கோஸை வேகவச்சேன். சுத்திச் சுத்தி அஸர் பாங்கும் சொல்லிட்டாங்க. கவ்ஸர் பக்கத்துல போனை நிறுத்தி வச்சுக்கிட்டு எவளோ பண்ற கறிக்குழம்பைப் பாத்துக்கிட்டிருந்தா. யும்னா கையில அரிசியோட சுத்துறதை நிறுத்திட்டா, அம்மாவோட போனையே பாக்குறா.

"அம்மா, இது சாயங்காலமும் இப்படித்தான் ஓடுதா? நிக்காம?"

"எது? குழம்பா? ஓடுதே. நேத்துகூட நீ விளையாடும்போது நான் உள்ளாற பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. போன்ல தெரியாது, கேம்ல தெரியும்னானே."

யும்னா எழுந்திரிச்சா. கையைக்கூட கழுவல. அவ கம்ப்யூட்டரைப் போட்டுச் சோதிச்சா, இழுக்க ஆரம்பிச்சிருந்துச்சு. அம்மா போனை எடுத்து, சார்ஜ் வயரால கம்ப்யூட்டர்ல செருகி, போன் வழியா நெட்டை வாங்குற மாதிரி என்னமோ பண்ணினா. அதே ரவுட்டர், அதே நேரம், அதே அறை. பறக்குது. அவுத்தா, இழுக்குது. மாட்டினா, பறக்குது.

அவ திரும்பி என்னைப் பாத்தா. "பாட்டி, வீட்டு நெட்ல ஒண்ணும் இல்ல. என் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான்."

"அப்படின்னா?"

"ரவுட்டர்ல என் கம்ப்யூட்டர் பேரைச் சொல்லி, இவளுக்குச் சாயங்காலம் இவ்வளவுதான் விடணும்னு கட்டி வச்சிருக்கு."

"யாருடீ கட்டுவா?"

கவ்ஸர் கையில சுத்தின கோஸ் இலை பிரிஞ்சு அரிசி கொட்டுச்சு. ரகசிய வார்த்தை உலகத்துல ஒரே ஒருத்தன்கிட்டதானே இருக்கு.

நான் வேற எதுவும் தோணாம எழுந்து எதிர் வீட்டுக்குப் போனேன். தவ்ஹீதா கதவைப் பாதி திறந்தா. "நெட் இழுத்தது உன்னால இல்ல. எங்க வீட்டுக்குள்ளேயே இருந்துச்சு"ன்னேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியும்"னா. "வயரை ஒட்டவச்சுத் தர்றோம்"னேன். "வேணாம் ஷுக்ரி அம்மா. உங்க வீட்டு வயர் என் வீட்டுக்குள்ள வேணாம். நீங்க வாங்க, டீ குடிங்க, வயர் மட்டும் வேணாம்." எனக்கு அந்த டீ இறங்குமா?

திரும்பி வந்தா ரம்ஸி போன் எடுத்திருக்கான். யும்னா போனை மேஜையில சாய்ச்சு வச்சு, நேரா நின்னு பேசிக்கிட்டிருக்கா.

"நீயா?"

"என்ன நீயா?"

"ரெண்டு நாளா துணியை எடு, டப்பாவை மாத்து, வயரை அறுன்னு ஆட்டி வச்சியே. நீயே கட்டி வச்சுட்டு."

அவன் முதல்ல இல்லைன்னு ஆரம்பிச்சான். அப்புறம் விட்டுட்டான். மூஞ்சி கறுத்துப் போச்சு. "சரி, நான்தான். என்ன செய்யச் சொல்ற? ஆபீஸ்ல ஒருத்தன் போன்ல நீ விளையாடுற வீடியோவைத் தூக்கிட்டு வர்றான். 'உங்க இஸ்கந்தரியாக்காரி ஒருத்தி எப்படி விளையாடுறா பாரு, என்ன வாய் பாரு'ன்னு சிரிக்கறான். எட்டுப் பேர் சுத்தி நின்னு கேக்கறாங்க. உன் குரல் யும்னா! எனக்குத் தெரியாதா உன் குரல்? நானும் அவங்களோட சேர்ந்து சிரிச்சேன்டீ. சிரிச்சேன்!"

"அதை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கேப்பியா? துபாய்க்குப் போறேங்கற!"

"நீதானே கத்துக்கொடுத்த."

"வீட்டுக்குள்ள விளையாடத்தானே கத்துக்கொடுத்தேன்!"

யும்னா போன்கிட்ட குனிஞ்சா. அப்புறம் கெஞ்சினா. என் பேத்தி யாருகிட்டயும் கெஞ்சி நான் பாத்ததில்ல. "இன்னிக்கு ஒரு சாயங்காலம் மட்டும் அவுத்து விடு அண்ணே. தோத்தா நானா தோத்ததா இருக்கட்டும். அதுக்கப்புறம் நீ சொல்றதைக் கேக்கறேன்."

"பாக்கறேன்"னுட்டு வச்சுட்டான். அவுக்கல.

அந்த நேரத்துல கவ்ஸரை நான் மெச்சிக்கிட்டேன், பொய் சொல்லக் கூடாது. அவளே போனைத் தூக்கி யும்னா கையில கொடுத்தா. "எடுத்துக்க. நான் எந்த ராஜாவோட பேசப்போறேன்? சத்தத்தை அமுக்கிட்டு மாட்டு." யும்னா அம்மா கழுத்தைக் கட்டிக்கிட்டா.

மூணாவது சாயங்காலம். கடவுளே, அது விளையாட்டா! நான் குருடி இல்ல, பாத்தேன். இவ ஆளு செவுத்துக்குச் செவுறு தாவறான், திரும்பறதுக்குள்ள ரெண்டு பேரைச் சாய்ச்சுட்டான். காதுல மாட்டினதையும் மீறி அந்தப் பொண்ணுங்க கூச்சல் வெளிய கேக்குது. "குளவி கொட்டிட்டாடீ!"ன்னு ஒருத்தி கத்தறா, இவ பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பேசாத, இடது பக்கம் பாரு"ங்கறா. முதல் ஆட்டம் ஜெயிச்சாங்க. ரெண்டாவதுலயும் இவங்கதான் மேல. நான் முழங்காலைத் தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அப்பதான் கூடத்துல வீட்டுப் போன் அடிச்சுச்சு. அந்தப் போன் அடிக்கிறதே அபூர்வம். கவ்ஸர் போய் எடுத்தா. எனக்கு அவ பக்கம் மட்டும்தான் கேட்டுச்சு.

"ரம்ஸி? ... ஆமாப்பா, என் போன்தான். ... ஒரு நாள்தானேப்பா. ... அப்படிப் பேசாத. ... அதை நீயே ... ஏன்பா நான்?"

அப்புறம் அவன் பேசுறதைக் கேட்டுக்கிட்டே நின்னா.

என்ன சொன்னான்னு அவ அப்புறமா எனக்குச் சொன்னா. "அம்மா, உன் போன் வழியா எவ்வளவு ஓடுதுன்னு எனக்குத் தெரியுது. நானே இங்கேர்ந்து ஒரு தட்டுல நிறுத்தலாம். ஆனா நான் நிறுத்தினா நான் எதிரி. நீ கழட்டினா, அம்மா பண்ணினது, ஆறிடும். நீ கழட்டு. இல்லைன்னா அவளை அனுப்பிட்டு நிம்மதியா இரு, நான் இனிமே ஊருக்கு வரல. ரெண்டுல எதுன்னு நீ சொல்லு."

கவ்ஸர் அறைக்குள்ள வந்தா. வந்தவ யும்னா முதுகுக்குப் பின்னாடி நின்னா, ஒரு கையால பொண்ணு தலையைத் தடவினா. விளையாட்டு பாக்க வந்திருக்கான்னு நான் நெனச்சேன். யும்னாவும் அப்படித்தான் நெனச்சிருப்பா, தலையைச் சாய்ச்சு அம்மா கையில ஒரு நிமிஷம் வச்சுக்கிட்டா. கவ்ஸர் குனிஞ்சு, இஸ்திரிப் பெட்டி வயரை எடுக்கிற மாதிரி, மெதுவா, போன்லேர்ந்து வயரைக் கழட்டி, போனை எடுத்து மார்போட வச்சுக்கிட்டா.

இவ ஆளு அப்படியே நின்னுட்டான்.

நான் எழுந்திரிக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. "கவ்ஸர்! மாட்டுடீ திரும்ப!"ன்னேன். அவ தலையை ஆட்டிக்கிட்டே பின்னால போறா. யும்னா தாவிப் பிடுங்குவான்னு பாத்தேன். பிடுங்கல. அம்மாவைத் திரும்பிப் பாத்தா, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் தானாவே அந்தச் செத்த நெட்டுக்கு மாறிடுச்சு போல, காதுல மாட்டுறதை அவ கழட்டிப் போட்டதுல, உள்ளேர்ந்து அந்தப் பொண்ணுங்க குரல் வெட்டி வெட்டி வருது. "குளவி? குளவி, எங்க இருக்க? குளவி, பேசு..."

"பையன் அங்க தனியா கிடக்கான் அத்தே"ன்னா கவ்ஸர், அழுதுக்கிட்டே.

"இவ எங்க கிடக்கா?"ன்னேன்.

மறுநாள் காலையிலேயே ரம்ஸி கட்டினதை அவுத்துட்டான். சொன்ன சொல்லு தவறாதவன்! "இனிமே சாயங்காலமும் தாராளமா விளையாடு, வீட்ல இருந்துக்கிட்டு யாரு வேணாங்கறா?"ன்னு சேதி போட்டான். அந்த லெபனான் பொண்ணு நாலு வரி எழுதியிருந்தா. வருத்தமாம், அடுத்த வருஷம் பாக்கலாமாம். யும்னா எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு கம்ப்யூட்டரை அணைச்சா. அதுக்கப்புறம் போடல.

இப்ப எங்க வீட்டு நெட் மாதிரி இந்தத் தெருவுலயே கிடையாது. என் சீரியல் ஒரு சுத்து சுத்தாம ஓடுது, எனக்குத்தான் பாக்கப் பிடிக்கல. யும்னா அம்மாகிட்ட பேசாம இல்ல, பேசுறா. "உப்பு எங்க?" "தண்ணி வந்துச்சா?" அவ்வளவு பேசுறா. கவ்ஸர் தினமும் அவளுக்குப் பிடிச்சதைச் சமைக்கறா. நல்லா இருக்குன்னு சொல்லிட்டு தட்டைக் கழுவி வைக்கறா.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு ரம்ஸி வீடியோவுல வந்தான். பக்கத்துல இஸ்திரி போட்ட சட்டையோட ஒருத்தன். ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவனாம், நல்ல குடும்பமாம், தம்பிக்கு மேல தம்பி மாதிரியாம். கவ்ஸர் யும்னாவைக் கூப்பிட்டு உக்கார வச்சா, தலைத்துணியைச் சரி பண்ணிவிட்டா. நான் உக்காரக் கூடாதுன்னுதான் நெனச்சேன், ஆனா அவளைத் தனியா விட மனசு வரல. ஓரமா உக்காந்துக்கிட்டேன்.

அவன் நல்லவன்தான் போலிருக்கு, பாவம். என்ன பேசறதுன்னு தெரியாம, "வீட்ல பொழுதுபோக்கா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டான்.

ரம்ஸி சிரிச்ச மூஞ்சி அப்படியே இறுகிப் போச்சு. யும்னா போனையே பாத்துக்கிட்டிருந்தா, அண்ணன் மூஞ்சியை, இமைக்காம. அவ சொல்லுவான்னு நான் நெனச்சேன். சொல்லுடீ, சொல்லுடீன்னு உள்ளாற கிடந்து துடிச்சேன்.

"ஒண்ணும் பண்றதில்லைங்க"ன்னா.

அவங்க அரை மணி நேரம் பேசினாங்க. படம் ஒரு தடவைகூட நிக்கல.